நன்றிப் பூசை

1990 இலையுதிர்காலம். டென்மார்க்கின் வைலே நகரக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்ததும் டெனிஷ்காரப் பங்குத்தந்தை யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்திருந்த மரியநாயகத்தைக் கட்டிப்பிடித்தார்.

"உன் மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்துவிட்டதாமே!"

"ஓம் ஃபாதர். மூண்டு வருசமா இழுபட்டு, இப்பதான் வந்தது."

சுற்றி நின்ற பங்குச் சனம் கைதட்டியது. அவர்களில் ஒருத்தியான கிர்ஸ்டன், அவனுடைய மகளுக்கென்று தான் பின்னிய கம்பளிச் சட்டையை நீட்டினாள். அவன் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டான்.

"வாற ஞாயிறு அவையளுக்காக ஒரு பூசை வைக்க வேணும், ஃபாதர்."

"நன்றிப் பூசைதானே?"

"இல்லை. ஆன்ம இளைப்பாற்றிப் பூசை." மரியநாயகம் சொன்னான். "போன மாதம் ஊரில, குருநகரில ஷெல் விழுந்து ரெண்டு பேரும் செத்துப்போச்சினம்."

பங்குத்தந்தை திகைத்துப்போனார். "ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

"ஞாயிறு தோறும் நீங்கள் எல்லாரும், அவையள் பத்திரமா வந்துசேர வேணுமெண்டு மன்றாடினீங்கள், ஃபாதர். அதை நிப்பாட்டச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."