மாசிக்குள் ஒரு தேதி

அவள் பேனா மூடியைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆகிறது. ஒப்பந்தத்தில் தேதிக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

இருபத்தெட்டு வீடுகள் கொண்ட கட்டடம். விற்கிற டாக்டர் காலி செய்துதரத் தொண்ணூறு நாள் கேட்டார். வாங்குகிற செல்வரங்கம் முப்பதிலேயே நின்றார். பதிவு நாளன்று ஒரு வீட்டிலும் ஆள் இருக்கக் கூடாது.

"பங்குனி பொறந்துட்டா நான் பத்திரம் போடமாட்டேன் டாக்டர். எங்கப்பா காலத்து வழக்கம்."

வங்கிக் கடன் கைக்கு வர மார்ச் பதினொன்று. பதினான்கில் பங்குனி. நடுவில் இரண்டே நாள்.

"சரி, பன்னெண்டு" என்றார் டாக்டர்.

அவள் எழுதவில்லை.

செல்வரங்கத்தின் வக்கீலாகக் குடியிருப்பவர்களைக் கணக்கெடுக்கப் போனது அவள்தான். ஒன்பது வீடுகளில் பிளஸ் டூ. சுவரில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட அட்டவணைகள். மார்ச் இரண்டில் தமிழ். இருபத்தாறில் கடைசித் தேர்வு.

அவளுடைய பிளஸ் டூவின்போதும் வீட்டைக் காலி செய்தார்கள். இயற்பியல் புத்தகம் அரிசி மூட்டைக்கு அடியில் போய்விட்டது.

மறுநாள் இயற்பியல்.

"பிள்ளைங்க பரீட்சை முடியட்டும் சார்."

செல்வரங்கம் சிரித்தார். "நீ எனக்கு வக்கீலாம்மா, அதுங்களுக்கு டியூஷன் டீச்சரா?"

டாக்டரும் சிரித்தார்.

அவள் எழுந்தாள். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் தாள்களைத் தூக்கினாள்.

"சார் நட்சத்திரம் என்ன?"

"அனுஷம். ஏன்?"

அவள் முதுகு மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது.

"பன்னெண்டு, பதிமூணு ரெண்டு நாளும் அனுஷத்துக்குச் சந்திராஷ்டமம்."

சிரிப்பு நின்றது.

செல்வரங்கம் சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடியைக் கொண்டுவரவில்லை.

"சித்திரையில ஒரு நல்ல நாள் பாரும்மா."

ஏப்ரல் இருபது என்று எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"இந்தக் காலத்துப் பொண்ணு, இதெல்லாம் பாக்குறியே" என்றார் செல்வரங்கம். "உன் நட்சத்திரம் என்ன?"

"தெரியாது சார். எங்க வீட்ல எழுதிவைக்க யாருக்கும் எழுதத் தெரியாது."

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை நின்றாள்.

பிறகு மறுபடியும் தாள்களைத் தூக்கிப் பார்த்தாள்.

மார்ச் பன்னிரண்டு. சந்திராஷ்டமம்: ரோகிணி.

விட்டாள். தாள்கள் இன்றைய தேதியின் மேல் வந்து படிந்தன.