வைரத்தில் ஒரு செம்புள்ளி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. குமட்டினாலும் எழுந்து போகமாட்டீர்கள் என்றால் ஒரு வைரத்தின் கதை சொல்கிறேன். அரிசிமணியில் பாதிகூட இல்லாத அந்த வைரத்துக்குள் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, அணுக்களை எண்ணி எண்ணி விதைத்தாள் ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தா. ஒன்று சரியாகப் பதிந்தாலும் போதும், பச்சை லேசர் படும்போது சிவப்பாக ஒளிரும். குவாண்டம் கருவிக்கு அந்த ஒளிதான் வேண்டும். ஆறு வருடம் இருண்டே கிடந்த வைரத்தில் அன்று ஒரு செம்புள்ளி தெரிந்தது. பேராசிரியர் வைத்தியலிங்கம் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பினார். ஜெசிந்தா லட்டைத் தொடவில்லை. அந்த இடத்தில் அவள் எதையுமே விதைக்கவில்லையே! நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்த்தாள்: ஓரம் சுருங்கிக் காய்ந்த ஒரு துளி, அதன் நடுவே வெற்றிலைத் துணுக்கு. வெற்றிலைப் பச்சையும் லேசரில் சிவப்பாகத்தான் ஒளிரும். முந்தாநாள் முகமூடி இல்லாமல் வைரத்தின்மேல் குனிந்து, வாய் நிறைய வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பேசியவர் பேராசிரியர்தான். அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“சார், இது உங்க எச்சில்.”

அவர் கொஞ்சமும் கூசவில்லை. “இருக்கட்டுமேம்மா, மின்னுதுல்ல? நாளைக்குப் பத்திரிகைக்காரங்க போட்டோ எடுத்துட்டுப் போகட்டும். இப்பக் கழுவுனா உன் டாக்டர் பட்டமும் சேர்ந்து போயிரும், பாத்துக்க.” சொல்லும்போதே இன்னொரு துளி தெறித்து அவள் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.

ஜெசிந்தா அதைத் துடைக்கவில்லை. வைரத்தை இடுக்கியால் எடுத்து, வைரத்தை விட்டு அழுக்கை மட்டும் கரைக்கும், கழுவுவதற்கென்று கொதித்துக்கொண்டிருந்த அமிலத்துக்கு மேலே பிடித்தாள். கண்ணாடியில் வழிந்த துளியினூடே அவரைப் பார்த்தபடி விரல்களைத் தளர்த்தினாள்.

உங்கள் வீட்டுச் சோற்றில் அடுத்தவர் எச்சில் படாதிருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டில் மின்னுவது எதுவானாலும், கழுவிய பிறகும் மின்னட்டும்.