மன அமைதி வகுப்பு

கொள்ளைநோய்க் காலத்தில் டாக்டர்களின் மனம் வாடிவிடக் கூடாதே என்று ஆஸ்பத்திரி டீனுக்குத் திடீரென்று கருணை பொங்கியது. புற்றுநோய் வார்டைப் பூட்டினார். நோயாளிகள் சாய்ந்தபடி மருந்தேற்றிக்கொள்ளும் நாற்காலிகளை மாடிக்கு ஏற்றினார். அவற்றில் டாக்டர்களைப் படுக்கவைத்து மன அமைதி வகுப்பு தொடங்கினார். டாக்டர் உமையாளுக்கு வந்த கோபத்தில் ஒரு ஊருக்கே சோறு வடித்திருக்கலாம். மற்ற நோயாளிகளோடு சேர்த்து அவளுடைய நோயாளி லூர்துமேரியையும் வாசல் காவலர் மறுபடி மறுபடி விரட்டிக்கொண்டிருந்தார். மருந்து தவறியதில் மார்பிலிருந்த கட்டி மீண்டும் தலைதூக்கியிருந்தது.

அன்று உமையாள் ஒரு கவச உடையை வெளியே எடுத்துப்போய் லூர்துமேரிக்கு மாட்டிவிட்டு, முதுகில் மார்க்கரால் ‘டாக்டர் மேரி’ என்று எழுதினாள். விரட்டிய காவலரே சல்யூட் அடித்தார். மாடியில் டீன் கும்பிட்டார்.

“வாங்க டாக்டர், ரொம்பக் களைச்சுட்டீங்க. படுங்க.”

“அதுக்குத்தான் சாமி வந்தேன்,” என்று லூர்துமேரி சாய்ந்தாள்.

“கண்களை மூடுங்கள். கோபத்தை மூச்சோடு வெளியே விடுங்கள்,” என்றது திரையிலிருந்து ஒரு தேன்குரல். எல்லோரும் மூடினார்கள்.

“விட்டா இந்தக் கூரை அடுத்த ஜில்லாவுல போய் விழும்,” என்று முணுமுணுத்தபடி உமையாள் லூர்துமேரியின் கையில் ஊசியை ஏற்றினாள். சிவப்பு மருந்து சொட்டத் தொடங்கியது.

டீன் கண்ணைத் திறந்தார். “என்ன அக்கிரமம் இது? யார் இந்தம்மா?”

“கண்ணை மூடுங்க சார். இதைப் பாதியில நிறுத்தக் கூடாது,” என்றாள் உமையாள்.

பின்வரிசையில் ஒரு டாக்டர் எழுந்து தன் நாற்காலியைக் காலி செய்தார். புதுக் கவச உடை ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசலை நோக்கிப் படியிறங்கினார்.