புழு மாவு தோசை

தண்ணீர் லாரி வந்தால், பூங்காவனத்தின் வாய்க்குப் பயந்து தெருவே வழிவிடும். ரத்தக்கொதிப்புக்காக டாக்டர் அவளுக்கு, புழுக்களைக் காயவைத்து அரைத்த புழு மாவில் தோசை சாப்பிடச் சொல்லி எழுதிக் கொடுத்தார். கொதிப்போடு சேர்ந்து கோபமும் அடங்கிப் போயிற்று.

இன்று வீட்டில் புருஷன் மாசிலாமணி தலையில் சோப்போடு காத்திருந்தான். லாரிக் குழாயடியில் ரெஜினாவின் குடமும் அவள் குடமும் முட்டிக்கொண்டன. பூங்காவனம் திட்டத்தான் வாயைத் திறந்தாள்.

"நீயே மொதல்ல புடி, ரெஜினா."

"இல்லக்கா, நீ புடி. நானும் இப்ப அந்த மாவுதான் துன்றேன்."

பின்னால் நின்றவர்களும் "நீங்க புடிங்க, நீங்க புடிங்க" என்று குடங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். லாரிக்காரர் சலித்துப்போய் அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.

பூங்காவனம் காலிக் குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தாள். மாசிலாமணியும் காலையில் அதே தோசைதான் தின்றிருந்தான்.

"சோப்புதானே பூங்கா," என்றான், கண்ணைத் திறக்காமலே. "காஞ்சா தானா உதிர்ந்துடும்."