வித்துப்போன ஜாடி

கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. சத்தமா சொல்ற கதை இல்லை இது.

"என் ஜாடி எங்கம்மா?"

பட்டறைக்குள் கால் வைத்ததுமே கேட்டார் ரிட்டயர்டு கண்டக்டர்.

சூளைக்காரம்மா சக்கரத்தை நிறுத்தவில்லை. சுழலுகிற மண்ணில் கட்டைவிரலை இறக்கிக்கொண்டே சொன்னார்: "வித்துப்போச்சு அண்ணே."

"எது?"

"உங்க ஜாடிதான். காலையில சூளையைத் திறந்தேன். ஒருத்தங்க வந்தாங்க, பார்த்தாங்க, தூக்கிட்டுப் போயிட்டாங்க."



கிண்ணமும் கோப்பையும் செய்து விற்றுத்தான் சூளைக்காரம்மா பிழைக்கிறார். தன் கரண்ட் சூளையில் மிஞ்சுகிற இடத்தை, கண்டக்டர் மாதிரி ஆசைக்கு மண் பிசைகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். கண்டக்டர் பிசைந்ததெல்லாம் இதுவரை சரிந்துதான் விழுந்தது. நிமிர்ந்து நின்ற முதல் உருப்படி இந்தச் செம்மண் ஜாடி.

"டிக்கெட் கிழிச்ச கைக்கு ஜாடி ஒரு கேடா?" என்பது வீட்டம்மாவின் தினசரிப் பாட்டு. இன்றைக்கு மச்சினன் குடும்பத்தோடு சாப்பிட வருகிறான். "அவன் முன்னாடி ஜாடியை வச்சுக் காட்டுங்க. இல்லைன்னா நாளையிலேருந்து பட்டறைப் பக்கமே போகக்கூடாது" என்று காலையிலேயே கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்னைக் கேக்காம எப்படிம்மா விக்கலாம்? பஸ்ல எவனோ மறந்துட்டுப் போன குடையைக்கூட நான் வித்ததில்லை!"

"இந்த மாசச் சூளை வாடகையைக் கழிச்சுக்கறேன் அண்ணே. அடுத்ததைச் செய்ய ஆரம்பிங்க."

"வாடகையை யார் கேட்டா? எனக்கு என் ஜாடி வேணும்! இன்னைக்கு மச்சினன் முன்னாடி அதை வைக்கலைன்னா வீட்டுல என்னை இந்தப் பக்கமே விடமாட்டாங்க!"

அந்த நேரம் பார்த்துக் காபிக்கடைக்காரர் உள்ளே நுழைந்தார். புதுக்கடை திறக்கப்போகிறவர். கடைக்கு வேண்டிய கிண்ணம் மொத்தத்தையும் இங்கேதான் சொல்லியிருந்தார்.

சூளைக்காரம்மா ஒன்றும் சுற்றிவளைக்கவில்லை. மூலையில் இருந்த தட்டைக் காட்டினார். தட்டு நிறைய வெள்ளைக் கிண்ணங்கள், எல்லாம் துண்டு துண்டாக.

"ஈரம் போகாத ஒண்ணை உள்ள வச்சுட்டேன் சார். சூடு ஏறினதும் வெடிச்சு, பக்கத்துல இருந்ததையெல்லாம் அடிச்சுப் போட்டுடுச்சு. தப்பு என்னோடது. பத்து நாள் குடுங்க, இதைவிட நல்லா செஞ்சு தர்றேன்."

"பத்து நாளா? கடையைத் திறந்துட்டு ஜனங்க கையில காபியை ஊத்தவா? இத்தனை வருஷத் தொழில், காஞ்சதும் காயாததும் தெரியாதா உங்களுக்கு?"

கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்குமா? இருந்த கோபத்துக்கு இது தோதாக அமைந்தது.

"நல்லாக் கேளுங்க சார்! எங்க டிப்போல டயரைத் தட்டிப் பார்க்காம வண்டியை எடுக்கமாட்டோம். பானையைப் பார்த்து அடுக்க வேண்டாம்? அஜாக்கிரதை, வேற என்ன!"

சூளைக்காரம்மா கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதான் அண்ணே. பார்த்துத்தான் அடுக்கியிருக்கணும்."

"நான் ஃபேக்டரி கிண்ணமே வாங்கிக்கறேன். ஆர்டர் கேன்சல்" என்று கிளம்பிவிட்டார் காபிக்கடைக்காரர்.



"வீட்டுக்குப் போனைப் போடுங்க அண்ணே" என்றார் சூளைக்காரம்மா.

"போட்டு? ஜாடி இல்லைன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கறதுக்கா?"

"வித்துப்போச்சுன்னு சொல்லுங்க. காசு குடுத்து ஒருத்தங்க வாங்கிட்டுப் போனாங்கன்னு சொல்லுங்க. உங்க மச்சினன் செஞ்சது ஏதாவது வித்திருக்கா?"

அட, இது தோணலையே! கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு போனைப் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"வாங்கினவங்களுக்குக் கண்ணு தெரியுமா?" என்று கேட்டார் வீட்டம்மா. அப்புறம் குரல் இறங்கியது. "நிஜமாவே வித்துடுச்சாங்க? அப்போ நம்ம வீட்டுக்கும் ஒண்ணு செய்யுங்க. சாப்பிட நேரத்தோட வந்துடுங்க, தம்பிகிட்ட நீங்களே சொல்லணும்."

கண்டக்டரின் நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமாகிவிட்டது. உடனே சட்டைக்கையை மடித்துக்கொண்டு, செம்மண் எடுக்கப் பின்கட்டுக்குப் போனார். மண் இருக்கும் தொட்டியைத் தேடி, ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்த ஒன்றைத் திறந்தார்.

உள்ளே மண் இல்லை. இருந்ததைக் குனிந்து பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினார். வைத்துவிட்டுச் சாக்கை முன்பு இருந்தபடியே இழுத்து மூடினார்.

"மண்ணு கிடைச்சுதா அண்ணே?" சூளைக்காரம்மாவின் குரல் ஒரு மாதிரி அவசரமாக வந்தது.

"இன்னைக்கு வேண்டாம்மா. மச்சினன் வர்றான், நேரமாச்சு. அடுத்த ஜாடியை மட்டும் யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க, ஆமா!"

சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தார். ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே காபிக்கடைக்குப் போனார். பாதி பெயின்ட் அடித்த சுவருக்கு முன்னால் நின்றிருந்த கடைக்காரரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், அந்த ஆர்டரைத் திரும்பக் குடுத்துடுங்க. வெடிச்சது அவங்க கிண்ணம் இல்லை, என் ஜாடி. அதோட துண்டுகளை அந்தம்மா பின்கட்டுத் தொட்டியில ஒளிச்சு வச்சிருக்கறதை இப்பத்தான் பார்த்தேன். மேலாக்கத் தொட்டுப் பார்த்துட்டு, நல்லாக் காஞ்சிடுச்சும்மான்னு அடிச்சுச் சொல்லி உள்ள வைக்கச் சொன்னது நான்தான். ஒரே ஒரு விஷயம். ஜாடி வித்துப்போச்சுன்னு நான் இன்னும் நம்பிக்கிட்டிருக்கறதா அந்தம்மா நினைச்சுட்டிருக்காங்க... நீங்களும் அதை அப்படியே விட்டுடணும்!"