சொம்பில் வெட்டிய பெயர்

எள்ளுத்தாத்தாவின் சொம்பைக் கையில் வாங்கியதும் கோபாலகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையைத் தேடினார். அது வழக்கம்போலக் காரிலேயே தங்கிவிட்டது. மனைவி கல்யாணி துப்பட்டா நுனியை நீட்டினாள்.

பித்தளைச் சொம்பு. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகள்: ‘மேலப்பூண்டி வெ. கிருஷ்ணசாமி’. மேலப்பூண்டி அவருடைய சொந்த ஊர். கிருஷ்ணசாமி அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா.

மெல்பர்னுக்கு வெளியே இருக்கும் அந்தப் பழைய மாளிகை இப்போது மியூசியம். தென் அமெரிக்காவில், கயானாவில் கரும்புத் தோட்டம் வைத்துக் கொழுத்த ஒரு வெள்ளைக்காரத் துரை, தோட்டத்தை விற்றுவிட்டு இங்கே வந்து, அங்கே விட்டுவந்த பங்களாவைப் போலவே வராந்தாவும் மரப்படிகளுமாகக் கட்டிக்கொண்டது.

போன மாதம், ஊரிலிருந்து வந்த மைத்துனருக்குச் சுற்றிக் காட்ட, தாங்கள் குடியிருக்கும் வெரிபீயிலிருந்து இங்கே வந்தார்கள். அந்த மரப்படிகளில் நின்று எழுபது போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். துரையின் படத்துக்குக் கீழே கட்டை விரலை உயர்த்திக்கொண்டு ஒன்று. அப்புறம்தான் கீழ்த்தளத்துக் கண்ணாடிப் பெட்டியில் அந்தப் பெயரைப் பார்த்தார். எழுபது போட்டோவையும் அன்றைக்கே அழித்தார், ஆனாலும் மனசு ஆறவில்லை.

மியூசியத்துக்கு எழுதினார். சொம்பைத் திருப்பித் தருவதாகப் பதில் வந்தது.

பொறுப்பாளர் ஜேனட் வீராசாமி கயானாவில் பிறந்தவள். பெயரில்தான் வீராசாமி, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆங்கிலத்தில்தான் பேசினாள்.

“உங்கள் தாத்தாவும் என் முன்னோரும் ஒரே தோட்டத்தில் கரும்பு வெட்டியிருக்கிறார்கள். இந்த வீட்டின் சார்பில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.”

கோபாலகிருஷ்ணன் கூசிப்போனார். மனைவி பக்கம் திரும்பினார். “இந்தப் பொண்ணு என்கிட்ட மன்னிப்புக் கேக்குது, எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல கல்யாணி. அப்பா என்ன சொல்வாரு? கிருஷ்ணசாமி தாத்தா ஊருக்கே பெரிய மனுஷர், பஞ்சத்துலகூட நம்ம வீட்டுப் பத்தாயம் காலியானதில்லைன்னு. எல்லாம் புளுகு! கூலியா போனவரைச் சொல்ல வெட்கப்பட்டு மறைச்சிருக்காங்க.”

“விடுங்க. இனிமே சாமி ரூம்ல வெச்சு விளக்கேத்துவோம்,” என்றாள் கல்யாணி. “சொம்பை என்கிட்ட குடுத்துட்டு இந்தப் பையைப் பிடிங்க. மங்களம் சித்தி டப்பாவுல புளிசாதம் இருக்கு, கவுத்துடாதீங்க.”

மங்களம் சித்தி சீர்காழியில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களை முப்பது வருடமாகக் கல்யாணி இப்படி ஆள் பெயர் சொல்லித்தான் அழைக்கிறாள்.

“அவ்வளவு தூரம் எப்படித்தான் கப்பலேறிப் போனார்களோ!” என்று ஜேனட்டிடம் ஆங்கிலத்தில் அங்கலாய்த்தார் கோபாலகிருஷ்ணன்.

“எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு,” என்றாள் ஜேனட். “பஞ்ச காலத்தில் ஆள்பிடிக்கிறவன் ஒருவன் வந்தானாம். வயிறாரச் சோறு, ஒரு புது வேட்டி, ஒரு சொம்பு. பக்கத்துச் சீமைதான், ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கப்பலேற்றினானாம். ஒருவர்கூடத் திரும்பவில்லை.”

கோபாலகிருஷ்ணனுக்கு ரத்தம் கொதித்தது. ஆங்கிலம் மறந்துபோயிற்று.

“அந்தப் படுபாவி நல்லா இருந்திருப்பானா? அவன் வம்சமே விளங்கியிருக்காது!”

வார்த்தை புரியாவிட்டாலும் கோபம் புரிந்தது ஜேனட்டுக்கு. அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, பதிவேட்டை நீட்டினாள். ‘தோட்டத் தொழிலாளியின் வாரிசு’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். செத்தவருக்கு ஏதோ கொஞ்சமாவது செய்த மாதிரி இருந்தது.

“இன்னும் இருக்கிறது,” என்று சொல்லி, ஜேனட் மூலையிலிருந்த அலமாரியைத் திறந்தாள். “நாங்கள் பார்வைக்கு வைத்தது ஒன்றுதான். இவையும் உங்களுக்குச் சேர வேண்டியவை.”

மூன்று தட்டு நிறையச் சொம்புகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வார்ப்பு.

“தொழிலாளர் குடிசைகளில், குடிசைக்கு ஒன்றாகக் கிடைத்தவை. வேடிக்கைப் பொருள் என்று துரை வாரிக்கொண்டு வந்துவிட்டார். கயானாவில் எங்கள் வீட்டில்கூட ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் இதே எழுத்துதான், படிக்கத்தான் யாரும் இல்லை.”

கல்யாணி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ‘மேலப்பூண்டி வெ. கிருஷ்ணசாமி’. ‘மேலப்பூண்டி வெ. கிருஷ்ணசாமி’.

“எத்தனை சொம்பு வெச்சிருக்காரு பாரு, பாவம்!” கோபாலகிருஷ்ணன் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் கையிலிருந்த பையில், புளிசாத டப்பாவின் மூடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணி அதையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த சொம்பை, சுடுகிறதுபோல அவசரமாக அலமாரியில் வைத்தாள். ஜேனட்டுக்குத் தமிழ் தெரியாது என்பது தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஏங்க, பாத்திரத்துல குடுத்தவங்க பேரைத்தானே வெட்டுவோம்?”