கைராசி

“ஒரே ஒரு குச்சி கொடு, போதும்,” என்றாள் பெரியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க சின்னவளுக்கு ஆசைதான். அடக்கிக்கொண்டாள்.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் இருவரும். கொடிரோஜா என்றால் குடும்பத்தில் பெரியவளின் பெயர்தான் முதலில் வரும். அவள் வீட்டு வாசல் வளைவில் அது ஏறிப் பூத்ததற்குக் காரணம் கைராசி. வெயிலும் தண்ணீரும் சும்மா ஒப்புக்கு.

கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லாத மகராசி. வெட்டிய குச்சியை உள்ளே எடுத்துப் போய், ஈரத் துணி சுற்றி, வாயார வாழ்த்திக் கொடுப்பாள். ஒன்றுகூட யார் வீட்டிலும் வேர் பிடித்ததில்லை.

சின்னவளும் வருடா வருடம் வாங்கிப்போய் நட்டாள். எல்லாமே அடியிலிருந்து வெந்தது போல் கறுத்தன.

“அவ கை அப்படி. எதுவுமே தங்காது,” என்று சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் பெரியவள் பரிவோடு சொன்னாள். சின்னவளுக்கு இரண்டாவது கர்ப்பமும் கலைந்திருந்த நேரம். செடியைப் பற்றித்தான் பேச்சு என்று எல்லோரும் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒருநாள், பெரியவள் கழித்துக் குப்பையில் எறிந்த கிளைகளிலிருந்து சின்னவள் ஒரு குச்சியை உருவி வந்தாள். வாழ்த்து எதுவும் கிடைக்காத குச்சி. இன்று அது மாடிக் கைப்பிடியைத் தாண்டிப் பூக்கிறது.

பெரியவளுடைய கொடி போய்விட்டது. பெயின்ட் அடிக்க வந்தவர்கள் மிச்சத் தின்னரை வேரில் கொட்டிவிட்டார்கள். கைராசிக்கும் தின்னருக்கும் ஆகாது போலிருக்கிறது. வாசலில் வெறும் கம்பி வளைவு நிற்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் துக்கம் விசாரிக்கிறார்கள்.

“உங்களுக்கு இல்லாததாக்கா? உக்காருங்க, காப்பி போடறேன்.”

சின்னவள் கணு பார்த்து, பென்சில் கனத்தில் நல்ல குச்சியாக வெட்டினாள். அதைக் கையோடு அடுப்படிக்கு எடுத்துப் போனாள்.

காப்பியும், ஈரத் துணி சுற்றிய குச்சியும் ஒன்றாக வந்தன.

பெரியவள் துணியை விலக்கி அடி நுனியைத் தொட்டாள். விரலைச் சட்டென்று எடுத்தாள்.

சுட்டது.

பெரியவளின் அடுப்படி ஜன்னலுக்குத் திரை கிடையாது; வெளியே நிற்பவருக்கு அடுப்பு தெரியும். அவளுக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“எல்லாம் கைராசிதான்க்கா,” என்றாள் சின்னவள். “காப்பி ஆறுது பாருங்க.”